பத்தொன்பது வாக்கியங்கள்

கட்டிலின் தலைமாட்டில், மனத் தடுமாற்றத்தைக் காட்டும் மதிமானிக் கருவி மூன்றாம் முறையாகச் சிவந்தது.

“சாந்தா, நின்னு நின்னு காலு வலிக்குமே உனக்கு. செத்த படுத்துக்கம்மா” என்றார் வெள்ளியங்கிரி. முதுகெலும்பில் ஆறு திருகாணிகள் முடுக்கி, மயக்கம் தெளிந்து அரை நாள்தான் ஆகியிருந்தது.

டாக்டர் ஷபனா திரையைப் பார்த்தார். வயது எழுபத்திரண்டு, மந்தக் காது, இருபது வருடத் தூக்க மாத்திரை, ஐந்து மணி நேர மயக்க மருந்து. மனம் தடுமாற நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்று மதிமானி முன்பே கணித்திருந்தது. அறுவைக்கு முந்தைய ஒரு வாரம் அவர் வீட்டில் பேசியதெல்லாம் அதனிடம் பதிவாகியிருந்தது. பேச்சு அதிலிருந்து விலகினால் சிவக்கும், தெளிவூசி போடுவார்கள். மறுத்துச் சொல்லும் உரிமை குடும்பச் சாட்சியான மனைவிக்கு மட்டுமே.

“வீட்ல இப்படித்தான் பேசுவாராம்மா?”

நாற்பத்தாறு வருடத்தில் சாந்தாமணி இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. “எப்பவும் இப்படித்தானுங்க. பதிவு பண்றப்பத்தான் வெக்கப்பட்டுட்டாரு.”

மதிமானி அதை நம்பிப் பச்சையானது.

அடுத்த இரண்டு நாளும் பச்சைதான். அவளுக்குச் சேலை எடுக்கப் போவதாக அவர் கட்டில் கம்பியைத் தாண்டக் கிளம்பியபோதும் பச்சைதான். நான்கு பேர் வந்து பிடித்துப் படுக்க வைத்தார்கள். விடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தாள்.

விடிந்தது. “காப்பி எங்க? மரமாட்ட நின்னுட்டிருக்கற!” என்றார் வெள்ளியங்கிரி.

மதிமானி சிவந்தது. ஷபனா ஊசியோடு வந்தார்.

“எனக்கென்ன கேடு? கிட்ட வந்து பாருங்க!” அவர் கத்தக் கத்தச் சிவப்பு ஏறியது. தெளிந்தவருக்கு அந்த ஊசி போட்டால் இரண்டு நாள் எழமாட்டார். நெஞ்சில் சளி கட்டிவிடும்.

சாந்தாமணி குறுக்கே வந்து நின்றாள். “வேண்டாமுங்க. இப்பத்தான் நல்லாயிட்டாரு. அந்த ரெண்டு நாளுந்தான் சீக்கு. நான் பொய் சொல்லிட்டனுங்க.”

ஷபனா திரையை அவள் பக்கம் திருப்பினார். வாய்ச்சொல் இனி செல்லாது. அந்த இரண்டு நாளில் அவர் பிரியமாகச் சொன்னவை பத்தொன்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் நோய் என்று அவளே தொட்டுக் குறிக்க வேண்டும்.

தொட்டாள். படுத்துக்கம்மா என்றது நோய். சேலை நோய். கன்னத்தைத் தடவிச் சொன்னதும் நோய். பதினெட்டாவதைத் தொட்டதும் பச்சை வந்துவிட்டது.

“இன்னொண்ணு இருக்கும்மா. ‘அடுப்படியில நின்னது போதும், பக்கத்துல வந்து உக்காரு.’”

“அது இருக்கட்டுங்க.”

“இருந்தா அதையும் வழக்கமான பேச்சுன்னுதான் எடுத்துக்கும். ஆறு வாரம் மதிமானி உங்க வீட்லதான் இருக்கப் போகுது. வாரம் ஒரு தடவையாவது அவர் அதைச் சொல்லலைன்னா சிவந்துரும், ஊசியோட ஆள் வந்துருவாங்க. பரவாயில்லையா?”

சாந்தாமணி கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஊசீன்னா அவருக்கு ரொம்பப் பயமுங்க. சொல்லிருவாரு.”