மேடாகத் தெரிந்த கிணறு

மொக்கம்மாள் தேனியில் வக்கீல் கிருபாவதியின் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது அவள் சேலையில் வெடிமருந்து நாற்றம் அடித்தது. கிணற்று வேலையில் கல் சுமப்பவள்.

“எம் புருசன் போய்ச் சேந்துட்டாக தாயி. இப்ப எந் தம்பியையும் போலீசு பிடிச்சு வச்சிருக்கு.”

ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு கிணறு வெட்டு. அவள் கணவன் கருத்தக்கண்ணன் அடியில் திரியைப் பற்றவைத்தான். மேலே நின்று அவனைக் கயிற்றில் தூக்கியவன் அவள் தம்பி சுருளியாண்டி. பாதி வழியில் கருத்தக்கண்ணன் விழுந்தான், வெடி வெடித்தது. நைந்த கயிறு அறுந்தது என்றான் தம்பி. கயிறு புதிது, அவன்தான் கைவிட்டான் என்றார் காண்ட்ராக்டர் சுந்தர்ராஜ். விபத்துக்கு முன்பு எடுத்தது என்று போலீஸில் ஒரு படமும் கொடுத்திருந்தார். அதில் உருளையில் புதுக் கயிறு தொங்கியது.

“அந்தப் படத்தைப் பார்த்திருக்கியா?”

“கிணறு வெட்டயிலயே கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுக் காட்டுனாக. கிணறு பள்ளமாத் தெரியாம மேடாத் தெரிஞ்சுச்சு. ‘ஏலே, வெட்டுன கிணறு எந்திரிச்சு நிக்குதுடா’ன்னு எம் புருசன் சிரிச்சாக பாருங்க. காண்ட்ராக்டருக்கு மூஞ்சி செத்துப்போச்சு.”

“கயிறு எப்படி இருந்துச்சு?”

“கயிற எவன் பாத்தான்?”

குமாஸ்தா பேச்சிமுத்து துள்ளினான். “படத்துல கயிற வரைஞ்சிருப்பாகம்மா!”

“பொறு. முதல்ல கேமராவைப் பார்ப்போம்.”

மறுநாள் அந்தப் படத்தை எடுத்த ஜேசுராஜின் ஸ்டுடியோவுக்குக் கிருபாவதி இன்ஸ்பெக்டரையும் சுந்தர்ராஜையும் வரச் சொல்லியிருந்தாள். மொக்கம்மாள் வாசலோடு நின்றாள்; அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லென்ஸ் வைத்த பழைய கேமரா; எஸ்டேட் துரை விட்டுப்போனது. ஒரே காட்சியை இரண்டு படமாக எடுக்கும். பெட்டிக்குள் வைத்து இரு கண்ணாலும் பார்த்தால் ஆழம் தெரியும். ஜேசுராஜுக்கு அதைப் பற்றிப் பேசக் கிடைத்ததே பெரிய சந்தோஷம்.

“ரெண்டு ஷட்டரும் முன்னப்பின்ன அடிச்சுச்சு. சைக்கிள் கம்பிய வளைச்சு ஒண்ணா இணைச்சேன்.”

கிருபாவதி பின்மூடியைத் திறந்தாள். பிலிம் படியும் சட்டத்தின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குப் பிறை வடிவில் ஒரு வெட்டு. “இது?”

“நான் அரத்தால ராவுனதும்மா. பிரிண்ட் போட்டு வலது இடதை மாத்தி ஒட்டணும். அப்படியே ஒட்டுனா பள்ளம் மேடாயிரும். சுந்தர்ராஜ் அண்ணனோட கிணத்துப் படத்துல அப்படி ஒட்டி மானம் போச்சு. அதுக்கப்புறந்தான் இத ராவுனேன். இனிமே எடுக்குற படம் ஒவ்வொண்ணுலயும் ஒரு பக்கத்து ஓரத்துல மட்டும் பிறை விழுகும். எது எந்தப் பக்கம்னு தப்பாது.”

அவள் சுந்தர்ராஜிடம் திரும்பினாள். “கிணத்தை எத்தனை தடவை படம் எடுத்தீங்க?”

“ஒரே தடவைதான். ஆளுக சிரிச்சாகள்ல, அதே படந்தான். பிறகு வலது இடத மாத்தி ஒட்டிக் குடுத்தான்.”

அவள் போலீஸில் இருந்த, படம் ஒட்டிய அட்டையை மேசையில் வைத்தாள். “பேச்சிமுத்து, ஓரத்தைப் பாரு.”

“பிறை இருக்கும்மா!”

“ஒட்டுறதை எத்தனை தடவையும் மாத்தலாம். பிறை எடுக்கும்போதே பிலிம்ல விழுறது. ஆளுக சிரிச்ச படத்துக்கு அப்புறந்தான் சட்டத்தை ராவியிருக்காரு. அதனால இது அந்தப் படம் இல்லை. ஒரே தடவைன்னு நீங்க சொன்னது பொய். இது ரெண்டாவது தடவை எடுத்தது. விபத்துக்கு முன்னாடியே எடுத்ததுன்னா அதை மறைக்க வேண்டியதில்லையே. கருத்தக்கண்ணன் செத்த பிறகு புதுக் கயிறைக் கட்டி எடுத்திருக்கீங்க.”

“ஜேசு...” என்றார் சுந்தர்ராஜ்.

ஜேசுராஜ் தரையைப் பார்த்தான். “டேம் வேலைப் படமெல்லாம் எனக்கே வாங்கித் தாரேன்னு சொன்னாருங்கய்யா. பழைய படத்த எரிச்சிட்டாரு. அதுல கயிறு நார் நாராத் தெரிஞ்சுச்சு.”

சுந்தர்ராஜ் வெற்றிலைச் சாற்றைக் கூட்டி விழுங்கினார். “கூலிக்காரப் பய எவனாச்சும் ஒருத்தன் சாகத்தான் செய்வான். அதுக்கு நான் என்ன செய்ய?”

இன்ஸ்பெக்டர் அவர் தோளைத் தட்டி எழுப்பினார். சுருளியாண்டியைச் சாயங்காலத்துக்குள் விட்டுவிடுவதாகச் சொன்னார்.

மொக்கம்மாள் உள்ளே வந்து அட்டையைப் பெட்டியில் செருகிப் பார்த்தாள். கிணறு இப்போது பள்ளமாகத்தான் இருந்தது. பருத்த கயிறு கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது.

“அவுக இறங்கயில இந்தக் கயிறு எங்கன இருந்துச்சு?”

“கடையில,” என்றான் ஜேசுராஜ். பெட்டியை எட்டிப் பார்த்து, “ஆழம் நல்லா வந்திருக்குல்ல ஆத்தா?” என்றான்.

அவள் பெட்டியை வைத்துவிட்டு அவன் காலடியில் துப்பினாள்.