நாலணா வைத்த போர்டு

பேட்டரி இருக்க வேண்டிய குழியில் ஒரு நாலணாக் காசு இருந்தது.

பாண்டீஸ்வரன் மதர்போர்டை வெயில் பக்கம் சாய்த்துப் பார்த்தான். கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கும்போதும் அதன் கடிகாரம் ஓட வேண்டும் என்பதற்காக அந்தக் குழியில் வட்டமாக ஒரு சின்ன பேட்டரி வைப்பார்கள். அதே அளவுக் காசு. கை தவறி விழுந்ததல்ல, யாரோ அமுக்கி உட்கார வைத்தது.

"ஏலே மாரி, என்னலே இது?"

பந்தல்குடி ரோட்டில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த மாரிச்சாமி, பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒரே பெஞ்சில் இருந்தவன், எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"போர்டுக்கு மொய் செஞ்சிருக்காக போல. நீயே வச்சுக்க. உலகமே புதுசுக்கு அலையுது, நீ ஒருத்தன்தான் குப்பைக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்கிற."

மாரி மூன்று போர்டுகளைச் சாக்கின் மேல் பரப்பியிருந்தான். முதலாவதில் பாண்டிக்கு வேண்டிய நீளமான கறுப்புச் சொருகுவாயே இல்லை. அவனிடமிருந்த பழைய சவுண்டு கார்டு அதில்தான் உட்காரும். இரண்டாவதில் சொருகுவாய் இருந்தது, ஆனால் சுற்றியிருந்த கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்துப் பழுப்பு நிறத்தில் கக்கியிருந்தன. மூன்றாவதில்தான் காசு. பாண்டிக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. இருபத்தைந்து வருடப் போர்டு. ஆனால் ஒரு தூசி இல்லை. குளிப்பாட்டியதுபோல இருந்தது.

"எங்கேருந்துலே வந்துச்சு?"

"திருச்சுழிக்கு அங்கிட்டு ஒரு காட்டு வீடு. முழுப் பெட்டியா வாசல்ல வச்சிருந்தாக. தெக்கப் பாத்து. உள்ள இருந்து ஒருத்தரும் வெளிய வரல. எடுத்துட்டுப் போங்க, காசு வேண்டாம்னு சன்னல் வழியாத்தான் சத்தம் வந்துச்சு." மாரிச்சாமியின் சிரிப்பு குறைந்தது. "தம்பிக்காகத்தான் தேடுற, தெரியும். டாக்டரே கைய விரிச்சுட்டாக. ஆசைய விட்ருடா பாண்டி."

"அத விடமுடியாதுடா. எடுத்துட்டுப் போறேன்."

தம்பி சங்கர் லாரியில் அடிபட்டுப் படுக்கையில் விழுந்து இரண்டு வருடம். கண் திறந்திருக்கும், பார்க்காது. கஞ்சியைக் குழாய் வழியாக ஊற்ற வேண்டும். ஒரே ஒரு முறை, பக்கத்து வீட்டுப் பையனின் செல்லில் பழைய துப்பாக்கி விளையாட்டின் சத்தம் கேட்டபோது, அவனுடைய சுட்டுவிரல் அசைந்தது. பாண்டி அன்றிலிருந்து அதே சத்தத்தைச் செல்லில் இரவும் பகலும் போட்டுப் பார்த்தான். விரல் அசையவில்லை. செல் சத்தம் போலி என்று முடிவுகட்டினான். சின்ன வயதில் அப்பா வாங்கித் தந்த கம்ப்யூட்டரில் மிஞ்சியவை சவுண்டு கார்டும் கீபோர்டும்தான். அந்தக் கார்டிலிருந்தே சத்தம் வந்தால் சங்கர் வருவான். அந்தக் காலத்தில் இருவருக்கும் ஒரே நாற்காலி. விளையாட்டில் உயிர் போனால் எழுந்துவிட வேண்டும், அடுத்தவன் உட்காருவான். "என் ஆட்டம் முடிஞ்சிருச்சுண்ணே, இப்ப ஒன் ஆட்டம்" என்று சங்கர் ஒவ்வொரு முறையும் அழுகிற குரலில் சொல்லுவான்.

அருப்புக்கோட்டையில் அன்று மாதாந்திரக் கரண்ட் கட். சாயங்காலம்தான் வரும். பாண்டி வீட்டுக்கு வந்தபோது தெருவே செத்துக் கிடந்தது. இரண்டு பக்கச் சுவருக்குப் பின்னாலும் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும் தறிச் சத்தம், பிறந்த நாளிலிருந்து காதுக்குள்ளேயே இருந்து இல்லாததுபோல ஆகிவிட்ட அந்தச் சத்தம் நின்றுபோனதும், வீட்டுக்குள் இருக்கிற சின்னச் சின்ன ஓசையெல்லாம் வெளியே வந்து நின்றன: ஓட்டு விட்டத்தில் பல்லி ஓடுவது, அண்டாவில் சொட்டு விழுவது, சங்கரின் தொண்டையில் மூச்சு இழுபடுவது. பாண்டியின் மனைவி பிரவீணா மல்லாங்கிணற்றில் அம்மா வீட்டில். இனி வரமாட்டாள் என்று இருவருக்கும் தெரியும்.

காசைக் குழியிலிருந்து நகத்தால் நெம்பி எடுத்தான். ஈரமாக ஒட்டிக்கொண்டுதான் வந்தது. செல்லாத காசு. ஆனாலும் காசைக் கீழே போட யாருக்குக் கை வரும்? பழக்கத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி மாடத்தில், விளக்குப் பக்கத்தில் வைத்தான். கண்ணிமையில் சந்தன வாசம் ஒட்டியது. நல்ல வாசம் என்று நினைத்தான்.

மானிட்டரோடு முன்பே வாங்கி வைத்திருந்த பழைய பெட்டிக்குள், ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, போர்டைத் திருகி மாட்டினான். புது பேட்டரி வைத்தான். சவுண்டு கார்டைச் சொருகும்போது அது முழுதாக இறங்கவில்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினான். சொருகுவாயிலிருந்து பச்சரிசி விழுந்தது. நாலைந்து மணி. எலி வேலை என்று ஊதிவிட்டான். மறுபடி தட்டினான். மறுபடி விழுந்தது. ஒரு கைப்பிடி அரிசி அதற்குள் எப்படி இருக்கும் என்று யோசிக்கத் தொடங்கியதுமே யோசிப்பதை நிறுத்திக்கொண்டான். கார்டு உட்கார்ந்துவிட்டது. அது போதும்.

மானிட்டரையும் கீபோர்டையும் மாட்டி நாற்காலியை எதிரே போட்டான். கரண்ட் வர வேண்டியதுதான் பாக்கி.

அப்போது பெட்டி ஒரு முறை 'பீப்' என்றது.

எல்லாம் சரியாக இருந்தால் பழைய போர்டு அப்படித்தான் ஒலிக்கும். பாண்டி சந்தோஷப்பட்டான். பிறகுதான் ஒயரைப் பார்த்தான். அது சுருட்டியபடியே தரையில் கிடந்தது.

கட்டிலில் சரசரப்பு.

சங்கரின் சுட்டுவிரல் போர்வையைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்று. நிறுத்தம். ஒன்று. சுடுகிற மாதிரி.

"சங்கரு! ஏலே சங்கரு, அண்ணன்டா!"

ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தான். சில்லிட்டிருந்தது. விரல் மட்டும் கைக்குள் துடித்தது. பாண்டிக்கு அழுகை வந்தது. இரண்டு வருடத்தில் முதல் முறையாக, சாமிக்கு விளக்கேற்ற வேண்டும் என்று தோன்றியது. திரும்பும்போது போர்வையின் கால்மாட்டைப் பார்த்தான். எப்போதும் அகன்று கிடக்கும் இரண்டு பாதங்களும் இன்று சேர்ந்திருந்தன. சேர்த்து வைத்ததுபோல.

சாமி மாடத்தில் தீப்பெட்டியை உரசினான்.

காசு இல்லை.

அது இருந்த இடத்தில் சந்தன வட்டம். நடுவில் குங்குமம் அப்பியிருந்தது. சந்தனத்தில் ஓரிரண்டு முடி. புருவ முடி.

அப்பா செத்த அன்று அவன்தான் நெற்றிக்காசு ஒட்டினான். சந்தனத்தைக் குழைத்து, குங்குமம் தொட்டு, கட்டைவிரலால் அமுக்கி. அந்தக் காசு சுடுகாட்டோடு போய்விட வேண்டும். வெட்டியான் எடுத்துக்கொள்வார். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. இவன் கண்ணில் ஒற்றி, விளக்கடியில் வைத்திருக்கிறான்.

தீக்குச்சி விரலைச் சுட்டது.

சங்கரின் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. எப்போது நின்றது? தெரியவில்லை.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

கீபோர்டு சத்தம். டக். டக். டக்.

பாண்டி திரும்பினான்.

கட்டில் காலி. குழாய் தொங்கியது. நாற்காலியில் சங்கர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்து விளையாடிக்கொண்டிருந்தான். இரண்டு கையும் ஓடின. திரையில் ஒன்றும் இல்லை.

"சங்கரு..."

பெட்டி நீளமாக ஒரு முறை ஒலித்து அடங்கியது. கைகள் நின்றன. சங்கர் மெல்லத் திரும்பினான். நெற்றி நடுவில் நாலணா. வாய் திறந்தபோது பச்சரிசி மார்பில் உதிர்ந்தது.

"என் ஆட்டம் முடிஞ்சிருச்சுண்ணே."

சின்ன வயதுக் குரல். அழுகிற குரல்.

எழுந்தான். கால் கட்டைவிரல் இரண்டையும் வெள்ளைத் துணி சேர்த்துக் கட்டியிருந்தது. அப்படியே நின்றான். நாற்காலியைப் பாண்டி பக்கம் திருப்பி வைத்தான். நெற்றிக்காசை உரித்து நீட்டினான்.

"இப்ப ஒன் ஆட்டம்."

பாண்டி பின்னால் நகரப் பார்த்தான். நகரவில்லை. கால் பிரியவில்லை. குனிந்தான். வெள்ளைத் துணி. புது முடிச்சு.

கரண்ட் வந்தது. தெரு முழுக்கத் தறிகள் ஒன்றாக ஓடத் தொடங்கின. அவன் கத்தினான். அவன் காதுக்கே கேட்கவில்லை.

நெற்றியில் ஈரமாக ஏதோ ஒட்டியது. ஒரு கட்டைவிரல் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டது.