பின்பக்க வெயில்

டென்மார்க்கில் பிரெடெரிசியா நகரம். சனிக்கிழமை காலை. வெளியே பனி, ரோட்டை மூடிக் கிடந்தது.

அந்த வீட்டு வளவில் அப்போது இருந்தவர்கள்:

இன்னாசித்தம்பி. வீட்டுக்காரர். இறைச்சித் தொழிற்சாலைக்கு முதுகைக் கொடுத்து, பதிலுக்குப் பென்சன் வாங்கியவர். கெல்லர் என்கிற நிலவறையில் நின்றார்.

ரஜிதன். வாடகைக்காரன். தோஹாவில் ஏசி மெக்கானிக்காக வெந்து, கலியாணம் கட்டி டென்மார்க் வந்தவன். அவனும் நிலவறையில்.

புஷ்பராணி. இன்னாசித்தம்பியின் மனைவி. வீட்டின் பின்பக்கம். அவளுக்குப் பின்னால் வரிசையாகத் தமிழ்ப் பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு தட்டு.

கஞ்சாச் செடிகள். நிலவறையின் உள் அறையில். பரிபூரண ஆரோக்கியம்.

வாசலில் வந்து நின்ற காரில் ஒரு பொலிஸ்காரி, ஒரு நாய்.

இத்தனை பேரிலும் யோக்கியம் என்று சொல்லத்தக்கது நாய் மட்டும்தான்!

"அண்ணை... பொலிஸ்!"

ஜன்னலை மூடியிருந்த வெள்ளித்தாளின் ஓட்டையில் கண்ணை வைத்திருந்த ரஜிதன் கிசுகிசுத்தான்.

"என்ன?"

"பொலிஸ் அண்ணை! நாயோட!"

"அந்தோனியாரே!" இன்னாசித்தம்பி நெஞ்சில் சிலுவை போட்டார். "நிப்பாட்டடா! சத்தம் கேக்குது, எல்லாத்தையும் நிப்பாட்டு!"

ரஜிதன் பாய்ந்தான். ஏசி சுவிட்சுகளை அமத்தினான். இரைந்துகொண்டிருந்த இரண்டு ஏசிகளும் இருமி, விக்கி, அடங்கின.

அமைதி...

அடுத்த விநாடி, வீட்டின் பின்பக்கமிருந்து ஓர் அலறல்!

"ஐயோ... நிண்டுபோச்சு! நிண்டுபோச்சு!"

காரிலிருந்து ஒரு காலை மட்டும் வெளியே வைத்திருந்த பொலிஸ்காரி அதைக் கேட்டாள். இடுப்புத் துப்பாக்கியில் கை. நாயின் கயிறு மறு கையில். பின்பக்கம் நோக்கி ஓடினாள்.

அமத்தாமல் விட்டிருந்தால், அவள் முன்கதவு மணியை அடித்து இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போயிருப்பாள்.

விதி! அதுவும் ரஜிதனே அமத்திய விதி.

அவன் இந்த நாட்டில் தங்கியிருப்பது மனைவி மேனுஜாவை நம்பிக் கொடுத்த விசாவில். கொல்டிங்கில் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்யும் மேனுஜா, புருசன் நிலவறையில் பழைய ஏசி திருத்துகிறான் என்று நம்பிக்கொண்டிருந்தாள். பிடிபட்டால் விலங்கு. விலங்குக்குப் பிறகு வழக்கு. வழக்குக்குப் பிறகு விமானம்... ஒரு வழிப் பயணம்!

கஞ்சா வளர்க்க அவனுக்கு வழிகாட்டியது இணையத்தில் ஒரு பக்கம். பாலைவன நாட்டில் வீட்டுக்குள்ளே வளர்ப்பது எப்படி என்பது தலைப்பு. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வெப்பத்தோடு யுத்தம். ஏசி பூட்டு. வெள்ளித்தாள் ஒட்டு. ஜன்னலை மட்டும் திறந்துவிடாதே, வெளிக்காற்று நெருப்பு!

ரஜிதன் அதை வேதமாக எடுத்துக்கொண்டான். டென்மார்க்கில். பெப்ரவரியில்.

இன்னாசித்தம்பி ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

"தம்பி, வெளியில தண்ணி உறைஞ்சு கிடக்குது. ஜன்னலைத் துறந்துவிட்டாக் காணாதோ?"

"துறக்கக் கூடாதெண்டு போட்டிருக்கு அண்ணை."

"ஆர் போட்டது?"

"அனுபவஸ்தர்."

"எந்த ஊர் அனுபவஸ்தர்?"

"பாலைவனம்."

இன்னாசித்தம்பி அடுத்த வெள்ளித்தாளை எடுத்து நீட்டினார். டென்மார்க்கில் தலை நரைத்த மனிதர். எழுதியிருந்தால் அது சட்டம் என்று நம்பப் பழகியிருந்தார்.

செடிகளுக்கு எரிந்த விளக்குகளிலிருந்து ஏசி உறிஞ்சிய வெப்பம் எங்காவது போகவேண்டுமே? பின்சுவரில் துளை போட்டு வெளியே விட்டார்கள். அங்கே பனி கரைந்தது. புல் பச்சையானது. முதலில் அக்கம்பக்கத்துப் பூனைகள் வந்து படுத்தன.

பூனைகளுக்கு அடுத்ததாக வந்தவள் புஷ்பராணி. கையில் ஒரு தட்டு வேப்பம்பூ வடகம்.

ஐப்பசியிலிருந்து ஒரு நாள் வெயிலுக்கு ஏங்கிக் கிடந்தவள். ஹீற்றரில் வைத்தாள், பூஞ்சணம் பிடித்தது. ஓவனில் வைத்தாள், கருகியது. இந்தத் துளைக்கு முன்னால் வைத்தாள்... ஊர் முற்றத்தில் சித்திரை வெயிலில் காய்ந்ததுபோல் கலகலவென்று காய்ந்தது!

இரகசியம் என்று ஒரே ஒருத்திக்குத்தான் சொன்னாள். அது போதாதா?

'புஷ்பராணி வீட்டுப் பின்பக்கம் வெயில் எறிக்குதாம்!'

பக்கத்து ஊர் வைலேயிலிருந்து வந்தார்கள். கொல்டிங்கிலிருந்து வந்தார்கள். ஒருத்தி எஸ்பியர்க்கிலிருந்து மோர்மிளகாயோடு ரயிலில் வந்தாள். புஷ்பராணி முறை வைத்து இடம் கொடுத்தாள். வெயிலுக்கு வாடகையாகத் தட்டுக்கு ஒரு பிடி வடகம் எடுத்துக்கொண்டாள்.

அந்த வெயில்தான் இப்போது திடீரென்று நின்றுபோயிருந்தது!

ரஜிதன் துளையில் கண்ணை வைத்து வெளியே பார்த்தான்.

"யார் அலறியது? என்ன நின்றது?" பொலிஸ்காரி டேனிஷில் கேட்டாள்.

"காற்று" என்றாள் புஷ்பராணி. வயோதிபர் இல்லங்களில் வேலை செய்து பழுத்த டேனிஷ்.

"எதிர்வீட்டில் இருந்து முறைப்பாடு வந்திருக்கிறது. பெண்கள் காரில் வருகிறார்கள். மூடிய தட்டுகளைக் கொடுக்கிறார்கள். அடுத்த நாள் வந்து பொட்டலம் வாங்கிப் போகிறார்கள்."

"ஓம். உண்மை."

பொலிஸ்காரி கையுறை மாட்டினாள். தட்டிலிருந்து பழுப்பு நிற உருண்டை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது எதனால் செய்தது?"

"பூவால்."

"என்ன பூ?"

"காய்ந்த பூ."

பொலிஸ்காரியின் கண் சுருங்கியது.

"எங்கே விளைந்தது?"

"எங்கள் நாட்டில். பார்சலில் எடுப்பித்தேன்."

"எப்படி உட்கொள்வீர்கள்?"

"பொரித்து. கொஞ்சம் எடுத்தால் போதும். அதற்குப் பிறகு எடுக்குமே ஒரு பசி... சட்டியை வழித்துத் தின்னலாம்!"

பொலிஸ்காரியின் கை மெல்ல விலங்குப் பக்கம் போனது.

உள்ளே ரஜிதன் தலைமயிரைப் பிய்த்தான்.

"அண்ணை... செடி வளர்த்தது நாங்கள். மாட்டுப்படுறது அக்கா!"

"அவளைக் கொண்டு போனால், இண்டைக்குச் சமையல் ஆரடா?" என்றார் இன்னாசித்தம்பி.

"கவலைப்பட வேற விசயமில்லையோ உங்களுக்கு?"

வெளியே நாய் வேலையைத் தொடங்கியது. வடகத்தை மோந்தது. திருப்தியில்லை. அடுத்த தட்டுக்குப் போனது.

அது எஸ்பியர்க் மோர்மிளகாய்.

கடமை தவறாத நாய், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தது...

அவ்வளவுதான்! தும்மியது. மறுபடி தும்மியது. பொலிஸ்காரியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூக்கைக் கொண்டுபோய்ப் பனிக்குள் புதைத்தது. பொலிஸ்காரி வடகத்தைப் பொடித்து ஒரு குழாயில் போட்டுக் குலுக்கினாள். நிறம் மாறவில்லை.

அவள் முகம்தான் சிவந்தது.

"மன்னிக்கவும். வெறும் உணவு..."

ரஜிதன் மூச்சு விட்டான்.

"...ஆனால், அந்தத் துளையைச் சுற்றிப் பனி கரைந்திருக்கிறதே, நின்றுபோன அந்தச் சூடான காற்று எங்கிருந்து வந்தது?"

விட்ட மூச்சை ரஜிதன் திரும்ப இழுத்துக்கொண்டான்.

புஷ்பராணி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"சவுனா. கீழே வியர்வைக் குளியல் அறை இருக்கிறது."

"அப்படியா! பார்க்கலாமா?"

"முடியாது. என் புருசன் உள்ளே இருக்கிறார். உடுப்பில்லாமல்!"

யாழ்ப்பாணத்தில் இந்த ஒரு வசனம் போதும். பொலிஸ் என்ன, இராணுவமே படலையைச் சாத்திவிட்டுத் திரும்பிப் போகும். புஷ்பராணி வெற்றிப் பெருமிதத்தோடு நின்றாள்.

"அதனால் என்ன?" என்றாள் பொலிஸ்காரி.

புஷ்பராணி முதல் தடவையாகத் திகைத்தாள். இந்த நாட்டில் பேரன் பேத்தி கண்டவர்களே கடற்கரையில் பிறந்தமேனிக்கு நடப்பார்கள் என்பது அவளுக்கு மறந்துபோனது!

பொலிஸ்காரி நிலவறைப் படிகளை நோக்கி நடந்தாள்.

"அண்ணை, கழட்டுங்கோ!"

"என்னத்தை?"

"எல்லாத்தையும்!"

"டேய், நான் திருவிழாக் கமிட்டித் தலைவரடா!"

"கழட்டாட்டி ரெண்டு பேரும் ஜெயிலுக்கு!"

"ஜெயிலுக்கு வாறன். கழட்டமாட்டன்!"

படியில் பூட்ஸ் சத்தம். டக்... டக்...

கமிட்டித் தலைவரின் சேட்டு பறந்தது. காற்சட்டை பறந்தது. ரஜிதன் ஒரு துவாயை அவர் மேல் எறிந்துவிட்டு உள் அறைக்குள் பாய்ந்து கதவை இழுத்தான். அந்தக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இல்லை. கைபிடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். கண்ணை இடுக்கில் வைத்தான்.

ஏசி நின்ற அறையில் விளக்குகள் மட்டும் எரிந்தன. சூடு ஏறிக்கொண்டிருந்தது.

வெளிக்கதவு திறந்தது!

கவிழ்த்த வாளியின் மேல் இன்னாசித்தம்பி குந்தியிருந்தார். ஒரு துவாய். உடம்பு முழுக்க வியர்வை. அத்தனையும் பயத்தில் வந்தது.

"ஹாய்" என்றாள் பொலிஸ்காரி.

"ஹா... ஹாய்."

"சவுனா என்றார்கள். இங்கே சூட்டைக் காணோமே?"

"இப்பதான் நின்றது" என்றார் இன்னாசித்தம்பி உடைந்த டேனிஷில். "அதற்குத்தான் அவர்கள் கத்தினார்கள்."

வாழ்நாளில் அவர் சொன்ன பொய்களில் அழகானது. ஏனென்றால் பாதி உண்மை.

"அந்தக் கதவுக்குப் பின்னால்?"

"அ... அடுப்பு."

பொலிஸ்காரி கிட்ட வந்தாள். கைபிடியில் கை வைத்தாள். மறுபக்கம் ரஜிதன். இடையில் ஒரு பலகை. அவன் கண்ணுக்குள் அந்த ஒரு வழி விமானம் தெரிந்தது.

அவள் மூக்கு விடைத்தது.

"இது... என்ன வாசனை?"

அந்த நொடி!

மேலே குசினியிலிருந்து, உள்படிக்கட்டு வழியாக, ஒரு நெடி இறங்கியது. கொதிக்கும் எண்ணெயில் ஒரு தட்டு மோர்மிளகாயை ஒரேயடியாகக் கொட்டினால் எழும் நெடி!

பொலிஸ்காரி இருமினாள். கண்ணைப் பொத்தினாள். மூக்கைப் பொத்தினாள். பொத்த மூன்றாவது கை இல்லாமல் படியேறி ஓடினாள். ஏற்கெனவே நொந்துபோயிருந்த நாய் அவளுக்கு முந்தி ஓடியது!

கொஞ்ச நேரத்தில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

ரஜிதன் வெளியே வந்து தரையில் சரிந்தான். சிரிப்பும் அழுகையும் இருமலும் ஒன்றாக வந்தன.

"தப்பிட்டம் அண்ணை! தப்பிட்டம்!"

படியில் செருப்புச் சத்தம். புஷ்பராணி. ஒரு கையில் எண்ணெய்க் கரண்டி. மறு கையில் திறப்புக் கோர்வை, சாவிகள் குலுங்க.

"அக்கா... நீங்கள் தெய்வம்!"

தெய்வம் அவனைத் தாண்டி நடந்து உள் அறைக் கதவைத் திறந்தது. செடிகளைப் பார்த்தது. முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அது... தக்காளி அக்கா."

"தம்பி, நான் கிழடுகளைப் பாத்துப் பிழைச்சவள். டொக்டர் எழுதிக் குடுத்ததுக்கும் மனிசர் களவாப் பத்தினதுக்கும் எனக்கு மணத்தில வித்தியாசம் தெரியும்."

"எப்பயிருந்து... தெரியும்?"

"முதல் தட்டு காயேக்கையே தெரியும்."

இன்னாசித்தம்பி துவாயை இறுக்கிப் பிடித்தபடி எழுந்தார். "பிறகேனப்பா பேசாமல் இருந்தனீ?"

"வடகம் காயோணுமெல்லோ!"

புஷ்பராணி கரண்டியைச் செடிகள் பக்கம் நீட்டினாள்.

"இஞ்சேருங்கோ, உந்தச் செடியெல்லாத்தையும் வெட்டித் தாட்டுப்போட்டு வாங்கோ."

"உடுப்பைப் போட்டிட்டு..."

"வேண்டாம். அப்பிடியே போங்கோ. சவுனாவால வாறீங்களெண்டு எதிர்வீட்டுக்காரர் நம்பட்டும்!"

கமிட்டித் தலைவர் துவாயோடு பனிக்குள் இறங்கினார். வெட்டினார், இழுத்தார், குழி தோண்டித் தாட்டார். பின்பக்கத்துப் பெண்கள் நாகரிகமாக மறுபக்கம் திரும்பி நின்று, நன்றாகச் சிரித்தார்கள்.

செடிகள் போன இடத்துக்குத் தட்டுகள் வந்தன. விளக்குகளுக்குக் கீழே வரிசை வரிசையாக வடகம், மோர்மிளகாய், கத்தரி வற்றல்.

"இனி எங்கட சனம் ஏன் பனிக்குள்ள நிக்கோணும்?" புஷ்பராணி ஏசி இரண்டின் வயரையும் கழற்றிச் சுருட்டினாள். "தம்பி, தோஹாவில கோடையில எவ்வளவு சூடு?"

"நாப்பத்தெட்டு வரும் அக்கா. ஏன்?"

"அவ்வளவும் இஞ்ச வேணும்."

ரஜிதன் எழுந்தான். சட்டையைத் தட்டினான்.

"நல்லது அக்கா. அப்ப நான் வாறன். மேனுஜா வேலையால வாற நேரம்..."

"மேனுஜாவுக்கு ஆர் சொல்லுறது? நீ சொல்லுறியோ, நான் சொல்லட்டோ?"

அவன் கால் நின்றது.

"பொலிஸ்காரி இருமி முடிஞ்சு, ஒரு வடகம் கடிச்சுப் பாத்தவ. நல்லாப் பிடிச்சுப்போச்சு. வெள்ளிக்கிழமை ஸ்டேசன் ஆக்களுக்கும் ஒரு பெட்டி வேணுமாம். நேர வந்து எடுக்கிறன், உங்கட சவுனாவையும் ஒருக்காப் பாக்கிறன் எண்டவ. அவ வரேக்கை உதுக்குள்ள சூடு இருக்கோணும், வடகம் இருக்கோணும், மற்ற மணம் இருக்கக் கூடாது. விளங்குதோ?"

விளங்கியது. அவள் கரண்டியால் உள் அறையைக் காட்டினாள். ரஜிதன் குனிந்த தலையோடு நுழைந்தான்.

முகத்தில் அனல் அடித்தது. தோஹாவின் மொட்டைமாடிகளில் அவனை வறுத்த அதே அனல். அதை விட்டுத்தான் கலியாணம் கட்டிக் கடல் தாண்டி ஓடிவந்திருந்தான்.

"ஒரு பக்கம் காயக் காயப் பிரட்டிக்கொண்டிரு. ஈரமா ஒண்டு வந்துதெண்டால், முதல் போன் மேனுஜாவுக்கு."

"அக்கா... வேகுது அக்கா! அந்த ஜன்னலையெண்டாலும் ஒரு கொஞ்சம்..."

கதவு சாத்தியது. திறப்பு உள்ளே நுழைந்து இரண்டு தரம் சுழன்றது.

க்ளிக்... க்ளிக்!

மறுபக்கத்திலிருந்து புஷ்பராணியின் குரல் குளிர்ச்சியாக வந்தது.

"துறக்கக் கூடாதெண்டு உன்ர அனுபவஸ்தர் போட்டிருக்கிறாரெல்லோ!"