மடகாஸ்கரின் பின்கதவு

மழை அப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று றெபேக்கா நினைக்கவேயில்லை. மெட்ரோவிலிருந்து வெளியே வந்ததும் பாதித் தலை நனைந்துபோக, மூலையிலிருந்த டெப்பனர் என்கிற சின்னப் பலசரக்குக் கடைக்குள் ஓடினாள். வாசலருகே நின்றவனின் கோப்பியில் அவள் கை பட்டு, அவன் வெள்ளைச் சட்டையெல்லாம் கொட்டியது.

"பார்தோன்," என்று பதறிப்போய் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டாள்.

அவன் கோபிக்கவில்லை. சிரித்துத் தலையாட்டிவிட்டு, காதிலிருந்த போனில் சென்னைத் தமிழில் தொடர்ந்தான். "ஒண்ணுமில்லடா, ஒரு பொண்ணு காபியைக் கொட்டிட்டா. திட்டலாம்னு பார்த்தேன்... கண்ணைப் பார்த்ததும் வாயே வரல."

பிரெஞ்சு பேசுகிற பெண்ணுக்குத் தமிழ் தெரியாது என்று இவனுக்கு யார் சொன்னார்களோ... மன்னாரிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை அவள். சொல்லிவிடலாமா? வேண்டாம், இன்னும் கொஞ்சம் கேட்போம். பால் இருந்த குளிர்ப்பெட்டிப் பக்கம் திரும்பி நின்று சிரிப்பை விழுங்கினாள்.

அடுத்து அவன் சொன்னதில் அந்தச் சிரிப்பு அப்படியே செத்துப்போனது.

"இன்னைக்குத்தான் மீட்டிங். மடகாஸ்கர் தையல் ஃபேக்டரியைப் பெருசாக்க முதலீடு கேக்கறோம். ஆனா அங்க பின்கதவைப் பூட்டியே வெச்சிருக்காங்கடா, பொண்ணுங்க துணி திருடிடுவாங்களாம். யாராவது பார்க்க வந்தா மட்டும் திறப்பாங்க. தீப்பிடிச்சா ஒருத்தி தப்ப முடியாது... நான் வாயைத் திறந்தா வேலை போயிடும். இங்க வேலை பாக்கற என் பெர்மிட்டே இந்தக் கம்பெனி பேர்லதான் இருக்கு."

அந்த மீட்டிங் நடப்பதே றெபேக்காவின் அலுவலகத்தில்தான். ஓய்வூதியப் பணத்தை வெளிநாடுகளில் முதலீடு செய்யும் அலுவலகம் அது. தொழிலாளருக்கு ஆபத்தில்லை என்று அவள் சொன்னால்தான் பணம் போகும். இன்று சரி என்று சொல்லத்தான் வந்திருந்தாள். யேசுவே... பூட்டிய கதவுக்குப் பின்னால் அத்தனை பெண்கள்.

மீட்டிங் அறைக்கு வெளியே, கறையை மறைக்கக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவனை நேரே போய் மறித்தாள்.

"மீட்டிங் லிஸ்ட்டில பேர் பாத்தனான், மடகாஸ்கர் ஃபேக்டரி சார்பா வந்த பிரணவ் நீங்கள்தானே? நான் றெபேக்கா. அதைச் சரி பாக்கிறது நான்தான்."

அவன் முகம் வெளுத்தது. "நீங்க... தமிழா?"

"ஓம். கண் கதையும் கேட்டனான், கதவுக் கதையும் கேட்டனான்."

"அது என் ஃப்ரெண்டுகிட்ட பேசினதுங்க. ஒட்டுக்கேட்டு என் வாழ்க்கையை முடிச்சிடாதீங்க."

"உரத்துக் கதைச்சது நீங்கள்." அவளுக்கும் ரோசம் வந்துவிட்டது. "உங்களுக்குப் போறது வேலை. அந்தப் பிள்ளையளுக்குப் போறது உயிர். நீங்களே உள்ள போய்ச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன்."

"சொன்னா ஊருக்குப் போற ஃபிளைட்ல ஏறப்போறது நான்தான். நீங்க இல்ல."

முகம் பார்க்காமல் இருவரும் உள்ளே போனார்கள். திரையில் திறந்த பின்கதவும், அதன் முன்னால் சிரிக்கிற பெண்களும். அவனுடைய முதலாளி இனிக்க இனிக்கப் பேசினார். றெபேக்கா வாயெடுக்கப் போனாள்... அதற்குள் பிரணவ் எழுந்தான்.

"இந்தப் படத்தை எடுத்தது நான்," என்றான் ஆங்கிலத்தில். "எடுத்து முடித்ததும் கதவை மறுபடி பூட்டினார்கள். எப்போதும் பூட்டித்தான் இருக்கும்."

எல்லோரையும்விட அதிர்ந்து போனவள் றெபேக்காதான். இவனா... இவனா சொன்னான்?

பூட்டை எடுத்து, அந்தப் பெண்களிடமே நேரில் கேட்டு உறுதி செய்யும்வரை ஒரு சதமும் போகாது என்று முடிவானது. முதலாளி பிரணவின் அடையாள அட்டையை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டார்.

கீழே மழையில் நின்றவனிடம் றெபேக்கா ஓடினாள்.

"வேலை போச்சு," என்றான். தான் செய்ததை அவனாலேயே நம்பமுடியவில்லை. "சந்தோஷமா?"

"இல்லை." அவள் கண் கலங்கியிருந்தது. "எனக்குத் தெரிஞ்ச லோயர் ஒராள் இருக்கிறா, பெர்மிட்டுக்கு வழி தேடுவம். ஆனா... நீங்கள் எழும்பாமல் விட்டிருந்தா நான் சொல்லியிருப்பன்."

"தெரியும்."

"சொல்லிப்போட்டு வீட்டை போய் அழுதிருப்பன்."

"ஏங்க?"

மழைத்துளி இமையில் தங்கி நிற்க, அவள் அவனை நேராகப் பார்த்தாள். எங்கிருந்துதான் அந்தத் துணிவு வந்ததோ...

"கடையிலேயே உங்களைப் பிடிச்சுப் போச்சு. உங்களுக்காக நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திடுவனோ எண்டு பயந்துபோனன்."