விலையின் மேல் வைத்த விரல்

கதைத் தாத்தா என்று ஊர் கூப்பிடும் சிறுவர் எழுத்தாளரின் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் வெயில் சுவரில் பாதிவரை இறங்கியிருந்தது. பழைய மாடி வீடு. அழைப்பு மணியை அழுத்தினால் உள்ளே எங்கோ அடிக்கும், வெளியே நிற்பவனுக்குக் கேட்காது. நான் மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தேன். ரேடியோதான் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சார், போதும். செருப்பு தேயற சத்தம் கேக்குது. பாவம், வயசானவரை ஓட வைக்காதீங்க."

ரேடியோ என் மாணவி. பார்வை கிடையாது, அதற்கும் சேர்த்து வாய் உண்டு. காதில் எப்போதும் இயர்போன் தொங்குவதால் வகுப்பு வைத்த பெயர் அது. வைத்தவர்களைவிட அவள்தான் அதை அதிகம் ரசித்தாள். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், நாளைக்கு வாத்தியாராகப் போகிறவர்களுக்கு இணையப் பக்கம் அமைக்கக் கற்றுக்கொடுப்பவன். எனக்காக நான் அமைத்துக்கொண்ட பக்கத்தை இதுவரை பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொருவர் வழி தவறி வந்தவர்.

அந்த வருடப் பயிற்சி இதுதான்: ஆளுக்கொரு சிறுவர் எழுத்தாளர், அவருக்கு ஓர் இணையப் பக்கம். அவர் படம், வாழ்க்கை, புத்தக அட்டைகள், குழந்தைகள் செய்து பார்க்க நாலு விளையாட்டு. நான் கறாராக இருந்தது ஒரே விஷயத்தில். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி திரையில் தெரியாது. பார்க்க முடியாதவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் மட்டும் அதை எடுத்து வாசிக்கும். முதல் வாரம் பாதி வகுப்பு 'படம்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டது.

"என்ன படம்னு கேட்டா 'படம்'ங்குது சார்," என்றாள் ரேடியோ. "பந்தியில உக்காந்து என்ன போடறீங்கன்னு கேட்டா 'சாப்பாடு'ங்கற மாதிரி."

கதைத் தாத்தாவை அவள் தேர்ந்தெடுத்தாள் என்பது ஒரு மரியாதைக்கு. நான்தான் அவள் தலையில் கட்டினேன். சின்ன வயதில் என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அவர் புத்தகங்களைத்தான் படித்தேன். அம்மா வீட்டுக்கு வரவில்லை. அந்தப் புத்தகங்கள் வந்தன. அதற்குப் பிறகு என்னை வளர்த்ததில் அப்பாவுக்குப் பாதிப் பங்கு, கதைத் தாத்தாவுக்குப் பாதி. நாற்பது வயதில், புகழின் உச்சியில், அவர் திடீரென்று எழுதுவதை நிறுத்திக்கொண்டார். இளையவர்களுக்கு இடம் விட்டாரே, என்ன ஒரு பெருந்தன்மை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான்.

கதவைத் திறந்தவர் நான் கற்பனை செய்திருந்தபடியே இருந்தார். வெள்ளை மீசை, கண்ணோரம் சிரிப்பு. மனப்பாடம் செய்து வந்த வாழ்த்துரை மறந்துபோய், "பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துத் தந்தார். இளவயதில், இதே மேசையில், கையில் பேனாவோடு தனியாக உட்கார்ந்திருக்கிறார். படத்தின் ஒரு விளிம்பு மட்டும் கத்தரியால் வெட்டியதுபோலக் கோணலாக இருந்தது.

ரேடியோ இயர்போனைக் கழற்றிவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐயா," என்றாள் கடைசியில். "அந்த மூலையில யாரு உக்காந்திருக்கிறது?"

மூலையில் ஒரு பிரம்பு நாற்காலி. காலி.

"யாருமில்லையே பாப்பா."

"காகிதத்து மேல விரலை இழுக்கற சத்தம். சர்... சர்னு. நாங்க வந்ததிலேருந்து கேக்குது."

"புத்தகப் பூச்சியா இருக்கும்," என்றார் அவர். கண்ணோரச் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் எழுந்து போய், அந்த நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் கணினி அறையில் வேலையை ஆரம்பித்தோம். மற்றதெல்லாம் அவளே செய்துவிடுவாள். படங்களை மட்டும் நான் பார்த்துச் சொல்ல வேண்டும், அவள் தட்டச்சு செய்வாள்.

"உங்க கண்ணை வாடகைக்கு எடுத்திருக்கேன் சார். இருக்கறதைச் சொல்லுங்க. நீங்க புளுகினா எனக்குச் சரிபார்க்க வழியில்லை."

"என் பெண்டாட்டிகூட என்னை இவ்வளவு நம்பினதில்லை."

"அவங்களுக்குக் கண்ணு தெரியுமே."

நான் சொன்னேன்: 'எழுத்தாளர் இளவயதில் மேசையருகே அமர்ந்து எழுதுகிறார்.' அவள் அடித்தாள். சரியாக வருகிறதா என்று பார்க்க இயர்போனைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியில் போட்டாள். உணர்ச்சியே இல்லாத அந்த ஆண் குரலுக்கு வகுப்பில் செய்திக்காரர் என்று பெயர். உலகம் அழிந்தாலும் வானிலை சொல்வதுபோலச் சொல்வார்.

"படம்," என்றார் செய்திக்காரர். "பிரம்பு நாற்காலியில் பார்வையற்ற பெண் கதை சொல்கிறாள். அருகே அவள் அண்ணன் எழுதிக்கொள்கிறான்."

ரேடியோ சிரித்தாள். "சார், பொழுது போகலைன்னா என்னை வெச்சு விளையாடணுமா?"

நான் சிரிக்கவில்லை. பக்கத்தின் உள்ளே திறந்து பார்த்தேன். நான் சொன்ன வரி, அவள் அடித்த வரி, எழுத்துப் பிசகாமல் இருந்தது. மறுபடி ஓட்டினோம்.

"படம். பிரம்பு நாற்காலியில் பார்வையற்ற பெண் கதை சொல்கிறாள்."

அவள் சிரிப்பு நின்றது.

வேறு கணினிக்கு மாறினோம். அங்கேயும் அதே. எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். அதாவது அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். பிறகு அடுத்த படத்துக்குப் போனோம். அவருடைய முதல் புத்தகத்தின் அட்டை. ஆஸ்பத்திரி பெஞ்சில் நான் மடியில் வைத்திருந்த அதே மஞ்சள் அட்டை. 'படகில் ஒரு சிறுவன். கீழே எழுத்தாளர் பெயர்' என்று சொன்னேன். அவள் அடித்தாள்.

"படம்," என்றார் செய்திக்காரர். "புதுப் புத்தகம் வந்திருக்கிறது. அவள் அட்டையைத் தடவுகிறாள். என் பேர் எங்கே அண்ணா என்று கேட்கிறாள்."

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணன் அவள் விரலைப் பிடித்து ஓர் இடத்தில் வைக்கிறான். இங்கே என்கிறான்."

குரல் நின்றது. அது எப்போதும் அங்கே நிற்காது.

"அந்த இடத்தில் விலை அச்சிட்டிருக்கிறது."

ரேடியோ தன் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டாள். யாரோ அவள் விரலைப் பிடித்துவிட்டதுபோல.

"சார்," என்றாள் மெதுவாக. "சத்தம் கேக்குதா?"

இந்த முறை எனக்கும் கேட்டது.

சர்... சர்...

மானிட்டரின் கண்ணாடி மேல். ஒரு விரல் போன தடம் மெல்ல நீண்டது. மங்கலான ஈரக் கோடு. அட்டையின் நடுவே நகர்ந்து, கதைத் தாத்தாவின் பெயருக்கு வந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்துவிட்டு, நின்றது.

நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். மேசைக்கு அடியில் மின்கம்பியைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தேன்.

பக்கங்களைத் திறந்துவைக்கும் தொடக்க விழாவுக்கு முந்தின நாள் கதைத் தாத்தா கல்லூரிக்கு வந்தார். முதல்வர் அம்மா பூங்கொத்தோடு வாசலில் நின்றார். அவர் பக்கத்தைத்தான் மேடையில் முதலில் திறப்பதாக ஏற்பாடு. அதற்குமுன் ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று கணினி அறைக்கு வந்தார். ரேடியோ ஒன்றும் சொல்லாமல் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

செய்திக்காரர் எல்லாவற்றையும் வாசித்தார். நாற்காலி, விரல், விலை. கதைத் தாத்தா அசையாமல் கேட்டார். நான் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கோபப்படுங்கள், ஐயா. பொய் என்று கத்துங்கள். இந்த இயந்திரத்தைத் தூக்கிப் போட்டு உடையுங்கள். நான் கூடவே சேர்ந்து மிதிக்கிறேன்.

அவர் என் தோளைத் தொட்டு வெளியே கூப்பிட்டுப் போனார்.

"என் தங்கச்சி," என்றார் வராந்தாவில். "பிறவியிலேயே பார்வை இல்லை. சொல்லுவா, நான் எழுதிப்பேன். எழுத்தாளர்னா போட்டோ கேப்பாங்க, கூட்டத்துக்குக் கூப்பிடுவாங்க. அவ எங்க போவா, சொல்லு?"

"அவங்களுக்குத் தெரியுமா?"

"ஒவ்வொரு புத்தகத்தையும் அவ பேரோட வாசிச்சுக் காட்டுவேன் தம்பி. முகமெல்லாம் பூரிச்சுப் போகும். சந்தோஷமாத்தான் இருந்தா. பக்கத்து வீட்டுக் குட்டி ஒண்ணு வந்து அட்டையைச் சத்தமாப் படிக்கிறவரைக்கும்." வெளியே பெய்துகொண்டிருந்த மழையைப் பார்த்தார். "அப்புறம் அவ எனக்கு ஒரு கதைகூடச் சொல்லலை. சாகிறவரைக்கும்."

அவருடைய நாற்பதாவது வயது. அவருடைய பெருந்தன்மை.

எனக்கு அழுகை வந்தது, அவருக்காக இல்லை. அம்மா போன அன்றைக்கு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னவர் யாரென்று இத்தனை வருடம் தெரியாமலே, வேறு ஓர் ஆளுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த வரியெல்லாம் எடுத்துடு. உள்ளே இருக்கிற பொண்ணுகிட்ட எடுத்தேன்னு சொல்லாதே. ஸ்பீக்கர் ரிப்பேர்னு சத்தத்தை நிறுத்திட்டு, உள்ளே எல்லாம் அப்படியே இருக்குன்னு சொல்லிடு."

"ஐயா..."

கண்ணோரம் அந்தச் சிரிப்பு.

"அவளுக்கு எப்படித் தெரியப் போகுது?"

பேயைப் பார்த்தபோது வராத குளிர் அப்போது வந்தது.

உள்ளே போனேன். ரேடியோ திரைக்கு எதிரே கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அறை முழுக்க யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுபோல இருந்தது. காலி நாற்காலிகளில் ஒன்று லேசாக அசைந்து, நின்றது.

"சார், அவர் என்ன சொன்னார்? உள்ளதைச் சொல்லுங்க."

சொல்லாமல் விடுவது எவ்வளவு சுலபம் என்று அந்த ஒரு நொடியில் தெரிந்தது. ஒரு தலையாட்டல்கூட வேண்டாம், அவளுக்குத் தெரியாது. நாளைக்கு மேடை, கைதட்டல். என் சின்ன வயசு உடையாமல் அப்படியே இருக்கும்.

எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வாக்கியத்தையும்.

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு பக்கத்தின் தலைப்பை அழித்துவிட்டுப் புதிதாக அடித்தாள்: 'கதைகள்: தங்கை. கையெழுத்து: அண்ணன்.'

"இப்ப திரையில என்ன இருக்கு சார்?"

"நீ அடிச்சது அப்படியே இருக்கு."

எங்கள் இருவருக்கும் நடுவில், யாரோ பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டார்கள்.

இந்த மாதிரிக் கதையில் இந்த இடத்தில் நியாயம் ஜெயிக்க வேண்டும். எங்கள் முதல்வர் அம்மா பேய்க் கதை படிப்பதில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "லீவு எடுத்து நல்லாத் தூங்குங்க சார்," என்றார். விழா அன்று காலைக்குள் கடவுச்சொல்லை மாற்றி, தலைப்பையும் மாற்றிவிட்டார்கள். கதைத் தாத்தா மேடையில் மெய்மறந்து பேசினார். அரங்கில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் இரண்டு கைகளும் பாக்கெட்டிலேயே இருந்தன. ரேடியோ வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். சாவுக்கு நான் போகவில்லை. அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது, அவர் பெயரோடு. அவ்வப்போது திறந்து, செய்திக்காரரை வாசிக்கவிட்டுப் பார்ப்பேன். 'எழுத்தாளர் இளவயதில் மேசையருகே அமர்ந்து எழுதுகிறார்' என்பார். நான் சொல்லிக்கொடுத்த அதே அசட்டு வரி. எனக்கு அதற்குமேல் சொல்வதில்லை.

போன வாரம் ரேடியோ கூப்பிட்டாள். இப்போது அவள் பார்வையற்ற குழந்தைகளுக்கான பள்ளியில் டீச்சர்.

"சார், பசங்க அந்தப் பக்கத்தைத் தினம் கேக்கறாங்க. அவங்களுக்கு அது கதை சொல்லுது. எந்தப் புத்தகத்துலயும் இல்லாத புதுக் கதை."

"செய்திக்காரர் குரல்லயா?"

"இல்லை. பொம்பளைக் குரல்."

போனை அவள் வகுப்புப் பக்கம் திருப்பினாள். குழந்தைகள் ம் கொட்டுவது கேட்டது. கதை கேட்கும் குழந்தைகள் எல்லா இடத்திலும் கொட்டும் அதே ம். அதற்கு அடியில் தாழ்ந்த ஒரு குரல், அவசரமில்லாமல், எதையோ சொல்லிக்கொண்டு போனது. வார்த்தை பிடிபடவில்லை. ஆனாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையனுக்கு அந்தக் குரல் தெரிந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லதுதானே ரேடியோ. ஏன் குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"கேளுங்க சார்."

ம்... ம்... குழந்தைகளின் குரல்கள். பிறகு, அவர்கள் எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, கொஞ்சம் தாமதமாக, இன்னொன்று.

"ம்."

வயதான, ஆண் குரல். கெஞ்சுவதுபோல.

கதை நின்றுவிட்டது.

"இங்க ஆம்பிளைங்க யாரும் இல்லை சார்," என்றாள் ரேடியோ மிக மெதுவாக. "தினமும் இப்படித்தான். அந்தக் குரல் ம் கொட்டினா, அது போறவரைக்கும் கதை சொல்றவங்க வாயைத் திறக்கறதே இல்லை."