ஆறாம் வாசலுக்கு ஒருவர்

விடிந்தால் போதும், மலையேறுகிறவர்கள் பதிவுக்கூண்டு முன்னால் வரிசைகட்டி விடுவார்கள். அரசமுடிக்கு ஏழு ஏறுவாசல்கள் உண்டு. எந்த வாசல் வழியாக ஏறுவது என்று இப்போதெல்லாம் யாரும் தானாக முடிவு செய்வதில்லை. மேகவெடிப்புகள் தொடங்கிய பிறகு நேற்றிருந்த பாதை இன்றிருப்பதில்லை. அதனால் ‘கணிப்பி’ என்ற எந்திரம்தான் வாசலை ஒதுக்குகிறது. கட்டைவிரலை வைத்தால் எண் போட்ட பச்சை வில்லை ஒன்று விழும். பச்சை என்றால் பாதுகாப்பு. எல்லோருக்கும் பச்சைதான் விழும்.

அந்த ‘எல்லோருக்கும்’ என்பதுதான் வடிவுக்கு இடித்தது. திண்டுக்கல்லில் மின்பேருந்துகளைப் பழுது பார்ப்பவள் அவள். எல்லோரிடமும் நல்ல பேர் வாங்குகிற எந்திரத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை. ஐப்பசியில் அவளுடைய அண்ணன் வைரவன் பச்சை வில்லையோடுதான் ஆறாம் வாசலுக்குள் போனான். மண்சரிவு அவனை வாரிக்கொண்டு போய்விட்டது. அதே காலையில், அதே வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற கூட்டாளி இருளப்பனுக்கு இரண்டாம் வாசல் கிடைத்தது. பதினோரு வருடமாக ஒன்றாகவே ஏறியவர்களை அன்றைக்கு மட்டும் பிரித்தது யார் என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இருளப்பன் மேல்தான் அவளுக்குச் சந்தேகம். காரியத்துக்கு வந்தவர் கை நனைக்காமலே போயிருந்தார். பேசும்போது கண்ணைப் பார்ப்பதில்லை. அண்ணன் போன இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி இன்றைக்கு அவரோடு கிளம்பி வந்திருந்தாள். அடிவாரத்தில் அவர் வாங்கிக் கொடுத்த டீயைக்கூட ஒரு நிமிடம் யோசித்துத்தான் குடித்தாள்.

இருளப்பன் விரலை வைத்தார். வில்லை விழுந்தது. அதைப் புரட்டிப் பார்த்தவருடைய முகம் வெளுத்துவிட்டது.

“என்னண்ணே, எத்தனை?” என்றாள் வடிவு.

“ஆறு.”

“பச்சைதானண்ணே, எதுக்குப் பயம்? அன்னைக்கு மாத்திக்கிட்ட மாதிரி இன்னைக்கும் மாத்திக்கங்க.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “இத்தனை நாளா மனசுல இதத்தான் வச்சிருந்தியா தங்கச்சி? அவன் வில்லைய நான் தொடக்கூட இல்ல. பெத்த பிள்ளைக மேல சத்தியம்.”

சத்தியம் செய்கிறவர்கள் மேல் வடிவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகம் வரும். அவரை விட்டுவிட்டுக் கூண்டின் சன்னலுக்குப் போனாள். உள்ளே வாசல் அலுவலர் சவரிமுத்து உட்கார்ந்திருந்தார்.

“சார், வைரவனோட தங்கச்சி நான். அவருக்கு ஆறாம் வாசலக் கொடுத்தது யாரு?”

“கணிப்பிம்மா.”

“மெக்கானிக்கிட்ட மிஷின் மேல பழியப் போடாதீங்க. யாராச்சும் எழுதிக் கொடுத்த விதிப்படிதான் அது ஓடும். அந்த விதி என்னன்னு சொல்லுங்க.”

சவரிமுத்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மண்ணு அசைவக் காட்ட மலையில பதிச்ச உணரியெல்லாம் ஒரு மழைக்குத் தாங்க மாட்டேங்குது. மண்ணு பிடிச்சு நிக்குதா இல்லையான்னு ஆள் நடந்தாத்தான் தெரியும். அதனால தெனமும் காலையில ஒவ்வொரு வாசல்லயும் மொத ஆளு ஒருத்தர் போகணும். அவரு நடக்கிற அதிர்வ வச்சுத்தான் பின்னால வர்றவங்களுக்குக் கணக்கு.”

“சந்தேகமான வாசலுக்கு யாரு போறது?”

“யாரு போனா இழப்பு கொறச்சலோ, அவுங்க.” மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வீட்டுல யாராச்சும் காத்திருக்காங்களான்னு கேட்டுப் பார்க்கும்.”

வடிவுக்குக் கோபம் தலைக்கேறியது. “அப்ப எங்கண்ணனுக்கு ஆளில்லையா? நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல?”

சவரிமுத்து பதிவேட்டைத் திரையில் திறந்து அவள் பக்கம் திருப்பினார். பார்க்க அவளுக்கு உரிமை இருந்தது. இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

‘வைரவன். காத்திருக்கிறீர்களா என்ற வினாவுக்கு விடை: இல்லை. அளித்தவர்: வடிவு, தங்கை. காலை 5.12.’

அவள் இரண்டு முறை வாசித்தாள். அன்றைக்கு அவளுடைய பிறந்தநாள். கூட இருக்கிறேன் என்று சொன்ன அண்ணன் விடியுமுன்னே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். அந்த எரிச்சலில் இருக்கும்போதுதான் கைப்பட்டையில் ‘காத்திருக்கிறீர்களா?’ என்று அந்தச் சேதி வந்தது. ராத்திரிச் சோறு எடுத்து வைப்பதற்காகக் கேட்கிறார்கள் என்றுதான் எல்லா வீட்டிலும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ‘இவனுக்காக நான் ஒண்ணும் காத்துக் கெடக்கல’ என்று முணுமுணுத்தபடி ‘இல்லை’யைக் குத்தினாள். குத்திவிட்டு, சாயங்காலம் அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பையும் வைத்து இறக்கிவிட்டு, தெருமுனைவரை போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு குற்றவாளியைத் தேடித்தான் அவள் மலைக்கு வந்திருந்தாள். ஆள் கிடைத்துவிட்டது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பின்னால் வந்து நின்ற இருளப்பனும் திரையைப் பார்த்துவிட்டார். “அவன் போன பெறகு நான் மலைக்குப் போறது வீட்டுல பிடிக்கல,” என்றார். “காலையில கூட, ‘போறதுன்னா போங்க, எனக்கென்ன’ன்னுதான் சொன்னா. சேதிக்குப் பதில் போடுறதும் அவதான், அதுலயும் ‘இல்லை’ன்னு குத்தியிருப்பா.”

வடிவு கண்ணைத் துடைத்தாள். “சார், இவருக்காகக் காத்திருக்கேன்னு வேற யாராச்சும் பேரு கொடுக்கலாமா?”

“பத்து நிமிஷத்துக்குள்ள கொடுத்தா மறுபடி கணக்குப் போடும். ஆனாம்மா…”

அந்த ‘ஆனா’வை அவள் காதில் வாங்கவில்லை. விரலை அழுத்தினாள். ‘இருளப்பன். காத்திருப்பவர்: வடிவு’ என்று திரையில் ஏறியது. அவர் கையிலிருந்த வில்லை ஒருமுறை மங்கி மறுபடி ஒளிர்ந்தது. இரண்டு. இத்தனை நாள் இந்த மனிதரைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“நானே இறங்கி வர்றேம்மா, நீ வீட்டுக்குப் போ,” என்றார் அவர்.

“போக மாட்டேன். இங்கதான் உக்காந்திருப்பேன்.”

அதற்குள் வரிசையில் அடுத்த ஆள் விரலை வைத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். புது மலைச்செருப்பு, அதன் விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. வில்லை விழுந்ததும் எடுத்துத் துடைத்துச் சட்டையில் பத்திரமாகக் குத்திக்கொண்டார். கூண்டுக்குள் சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த மனிதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற வடிவிடம் சிரித்த முகத்தோடு வந்தார்.

“இங்க நான் மொதத் தடவைங்க. ஆறாம் வாசல் எந்தப் பக்கம்?”