பதினைந்து மீட்டர் கயிறு

கயிறு ஈரமாக இருந்தது.

ஏரிக்கரைக் கொட்டகையின் பூட்டைத் திறந்தது அவள்தான். இரண்டு மாதமாக யாரும் தொடாத மரப்பெட்டியை இழுத்து, தூசியை ஊதித் தள்ளி, மூடியைத் தூக்கியதும் அவள்தான். உள்ளே கயிறு ஒழுங்காகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. நுனியில் கறுப்பும் வெள்ளையும் பூசிய வட்டத் தட்டு. கயிற்றில் கை வைத்தால் சில்லென்றது, விரலில் பாசி வாடை ஒட்டிக்கொண்டது. கூரை ஒழுகியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதே பெட்டியில் இருந்த நோட்டு மட்டும் மொறமொறவென்று காய்ந்திருந்தது.

"எவ்ளோ நீளம்க்கா இது?" என்றான் தம்பி.

"பதினஞ்சு மீட்டர். மீட்டருக்கு ஒரு சிவப்பு முடிச்சு. எண்ணிப் பாரு."

எண்ணினான். பதினைந்துதான். அவளும் ஒருமுறை எண்ணினாள். ஏனென்றால் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில், நீரின் தெளிவு முப்பத்தொரு மீட்டர் என்று எழுதியிருந்தது. பதினைந்து மீட்டர் கயிற்றை வைத்துக்கொண்டு முப்பத்தொன்றை யாரால் அளக்க முடியும்? அதுவும் பன்னிரண்டு மீட்டர் ஆழமே உள்ள ஏரியில்?

எழுதியவர் அவளுக்கு முன்பு இருந்த ஆய்வாளர். அந்த அளவை எடுத்த அன்றுதான் அவருடன் போன படகுக்காரர் தண்ணீரில் விழுந்து இறந்தார். அதோடு வேலையை விட்ட அந்த ஆய்வாளர் இன்றுவரை யாரோடும் பேசுவதில்லையாம். அதிர்ச்சியில் ஏதோ கிறுக்கிவிட்டார், போய்த் திரும்ப அளந்துவிட்டு வா என்று மேலதிகாரி அனுப்பிவிட்டார். உதவியாளர் கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று காலை வாரிவிட, வீட்டில் சும்மா இருந்த தம்பியை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அவனுக்கு நீச்சல் தெரியாது. ஆறு வயதில் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தவனைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிப் போட்டவள் அவள்தான். காலையில் கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்து, "இருட்டறதுக்குள்ள அவனைக் கொண்டுவந்து சேர்த்துடு. உன்னை நம்பித்தான் அனுப்பறேன்" என்று சொன்னது அதனால்தான்.

"லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டினே, தோலை உரிச்சிடுவேன்" என்றாள் படகில் ஏறும்போது.

"புழுங்குதுக்கா."

"புழுங்கட்டும்."

அவன் மூக்கு வழியாக உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டான். சிறு வயதிலிருந்தே அவனுக்கு மூக்கடைப்பு. மூச்சு விட்டாலே மெல்லிய சீழ்க்கைச் சத்தம் வரும். வீட்டில் அவனுக்குப் பெயரே விசில்தான். ராத்திரி அடுத்த அறையில் அவன் தூங்குகிறானா இல்லையா என்று எழுந்து பார்க்காமலே சொல்லிவிடலாம்.

ஏரி நடுவே போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. காற்றே இல்லை. கரையைச் சுற்றி நின்ற மரங்களில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. துடுப்பைத் தூக்கி உள்ளே வைத்த பிறகு, அதிலிருந்து சொட்டிய தண்ணீர் படகுப் பலகையில் விழும் சத்தம் ஒன்றுதான் அந்தப் பரப்பு முழுவதற்கும் கேட்டது. அவளுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. வேலையை முடித்துக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்றிருந்தது.

முதலில் ஆக்சிஜன் மீட்டரின் முனையை இறக்கினாள். மேலே சரியாகத்தான் இருந்தது. நான்கு மீட்டருக்குக் கீழே போனதும் எண் சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது.

"அப்படின்னா?"

"அதுக்குக் கீழே எந்த உயிரும் மூச்சு விட முடியாது."

"அப்போ கீழே இருக்கறவங்கல்லாம் மூச்சை அடக்கிட்டுதான் இருக்கணும்" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரிப்பு தண்ணீர்மேல் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தது.

அடுத்தது தட்டு. அதைத் தண்ணீரில் இறக்க வேண்டும், எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் தெளிவின் அளவு. ஒருவர் கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு, படகு விளிம்பில் குனிந்து தண்ணீரை மட்டும் பார்க்க வேண்டும். வெளிச்சம் பட்டால் கண் மறுபடி பழக நேரமாகும், அதனால் துணியை விலக்கவே கூடாது. மற்றவர் பின்னால் உட்கார்ந்து கயிற்றை விட்டபடி முடிச்சுகளை எண்ணிச் சொல்வார்.

துணிக்குள் அவளுடைய மூச்சே அவளுக்குச் சூடாக இருந்தது. முகத்துக்குக் கீழே பச்சையும் கறுப்புமான தண்ணீர். வலது காதை உரசிக்கொண்டு கயிறு போனது.

"ஒண்ணு." சீழ்க்கை. "ரெண்டு." சீழ்க்கை.

தட்டு ஆடி ஆடி இறங்கியது. பின்னால் க்ளிக் என்று ஏதோ ஒரு சத்தம். கயிற்றுக் கொக்கியாக இருக்கும் என்று நினைத்தாள்.

"மூணு."

வெள்ளை மங்கியது. பச்சையானது.

"நாலு."

"மறைஞ்சிடுச்சு. இப்போ மெதுவா மேல தூக்கு."

கயிறு கீழேயே போய்க்கொண்டிருந்தது.

"அஞ்சு."

"தூக்குடா."

"ஆறு."

"விசில், விளையாடாதே. திரும்பினேன்னா நடக்கறதே வேற."

"ஏழு."

திரும்பியிருப்பாள். ஆனால் அப்போதுதான் கீழே வெள்ளையாக வட்டமாக ஏதோ தெரிந்தது. தட்டு மறுபடி கண்ணுக்குப் பட்டுவிட்டது, அளவு தப்பாகிவிடக் கூடாதே என்று உற்றுப் பார்த்தாள். வட்டம் பெரிதாகியது. மேலே வந்துகொண்டிருந்தது.

காதோரம் கயிறு இன்னும் கீழேதான் போய்க்கொண்டிருந்தது.

"பத்து."

கயிறு கீழே போகும்போது தட்டு எப்படி மேலே வரும்?

"பதினொண்ணு. பன்னெண்டு."

பன்னிரண்டில் தரை. கயிறு தொய்ந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை.

"பதிமூணு."

அவன் குரல்தான். அதே குரல்தான். ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது. என்ன, என்ன என்று மனம் தேடியது. எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் எதுவுமே இல்லை.

சீழ்க்கை இல்லை.

கடைசியாக எப்போது கேட்டாள்? இரண்டுக்குப் பிறகு. அப்புறம் அந்த க்ளிக். அப்புறம் மூன்று.

பார்க்காமலே காலைப் பின்னால் நீட்டினாள். மெத்தென்று பட்டது. லைஃப் ஜாக்கெட். காலியாக. பக்கிள் கழன்று கிடந்தது. படகு ஒரு தடவைகூட ஆடவில்லையே. ஒரு தடவைகூட.

"பதினஞ்சு" என்றது குரல்.

கயிறு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. குளிர்ந்து, சொட்டச் சொட்ட, காதை உரசிக்கொண்டு போனது.

"பதினாறு."

வட்டம் அருகில் வந்துவிட்டது. அதற்கு நெற்றி இருந்தது. மூக்கு இருந்தது. தண்ணீரில் பிரிந்து பிரிந்து அசையும் தலைமுடி இருந்தது. தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை.

"தம்பி!"

கையைத் தண்ணீருக்குள் விட்டாள். தோள்வரை. கன்னம் தண்ணீரில் பட்டது. விரல்களில் முடி சிக்கியது. இறுக்கிப் பிடித்தாள், அன்று தொட்டியில் பிடித்த மாதிரி. கனத்தது. இழுக்க முடியவில்லை. ஆனால் பிடித்துவிட்டாள். அவன் விரல்கள் மேலே வந்து அவள் மணிக்கட்டைப் பற்றின. உயிர் இருந்தது.

பின்னால் படகுப் பலகை மெல்லக் கிறீச்சிட்டது. கறுப்புத் துணிமேல், சரியாக அவள் பிடரியில், ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. இன்னொன்று.

திரும்பினால் பிடி நழுவும். நழுவினால் அவன் போய்விடுவான்.

"எவ்ளோ வரைக்கும்க்கா விடணும்?" என்றது தம்பியின் குரல், துணிக்கு அந்தப் பக்கம், காதுக்கு வெகு அருகில்.

கீழே தம்பியின் கண்கள் அகலத் திறந்திருந்தன. அவை அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தன.

"பதினேழு."